அடுத்த முறை கூடத்தைப் பூட்டும் முன்: கலைக்கூட நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். நம் சமூகக் கலைக்கூடத்தில் படம் மாட்டும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். 11 ஆண்டுகளாக ஆணி அடிப்பதும் கயிறு கட்டுவதும் ரசமட்டம் வைத்துப் பார்ப்பதும் லேபிள் ஒட்டுவதுமாக, கண்காட்சிக்கு முந்தைய இரவுகளில் உங்களில் பலரோடு தரையில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். இதைக் கூட்டங்களில் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். “பார்க்கலாம்” என்ற பதில்தான் வந்தது. கூடம் பொதுமக்களுடையது என்பதால் மடலையும் பொதுவில் வைக்கிறேன். வேறு ஊர்களில் இதுபோன்ற கூடங்களை நடத்துகிறவர்கள் யாராவது படித்தாலும் நல்லதுதான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த பெருந்தொற்று வந்தால் கண்காட்சிக் கூடத்தை எப்போது மூடுவது, எப்போது திறப்பது, எப்படித் திறந்து வைப்பது என்பதையெல்லாம் இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். யாருக்கும் காய்ச்சல் இல்லாத, யாரும் பதற்றத்தில் இல்லாத இந்த நாட்களில்தான் அதை நிதானமாகச் செய்ய முடியும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். 2020 மார்ச்சில் நாம் மாட்டிய சிறுவர் ஓவியக் கண்காட்சியை நினைத்துப் பாருங்கள். மொத்தம் 64 படங்கள். திறப்பு விழா 14ஆம் தேதி, சனிக்கிழமை. உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று 11ஆம் தேதி அறிவித்தது. 13ஆம் தேதி மாலை நாம் கதவைப் பூட்டினோம். பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தை மூடியதும் அதே 13ஆம் தேதிதான். “மறு அறிவிப்பு வரும் வரை” என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினோம். மறு அறிவிப்பு வர 19 மாதங்கள் ஆயின.

2021 அக்டோபரில் அந்தக் கதவைத் திறந்தவர்களில் நானும் இருந்தேன். முதலில் வந்தது வாடை. ஈரத்துணியைப் பெட்டிக்குள் மறந்து வைத்தால் வருமே, அந்த வாடை. இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டியிருந்த படங்கள் பாதிக்கு மேல் கழன்று தரையில் குப்புறக் கிடந்தன. சுவரில் தங்கியவற்றின் ஓரங்கள் உள்பக்கமாகச் சுருண்டிருந்தன. ஒரு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். நீலக் குடை ஒன்று, அதன் கீழே இரண்டு கால்கள் மட்டும். நீர்வண்ணம். குடைக்கு மேலே வானம் முழுக்கப் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். அந்தப் பிள்ளை மழையை அப்படி வரைந்திருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போய் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது பூஞ்சை. கீழே லேபிளில் பெயரும் “வயது 8” என்பதும் இருந்தன. அதற்குள் அவளுக்கு 9 முடிந்திருக்கும்.

அந்த 64 படங்களையும் ஒருவர்கூட வந்து பார்க்கவில்லை.

மூடியதே தவறு என்று சொல்ல வரவில்லை. முதல் சில மாதங்கள் மூடியது சரிதான். நோய் எப்படிப் பரவுகிறது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. நம் குழுவில் இருந்தவர்களே நெருங்கிய உறவுகளைப் பறிகொடுத்தார்கள். கடைசியாக ஒரு முறை முகம் பார்க்கவும் முடியாமல் போனவர்களைத் தெரியும். அப்போது “கூடத்தைத் திற” என்று யாராவது கேட்டிருந்தால் நானே கோபப்பட்டிருப்பேன். உலகமே மூடித்தான் கிடந்தது. 2020 மே மாதத்தில் யுனெஸ்கோ எடுத்த கணக்குப்படி, உலகின் அருங்காட்சியகங்களில் சுமார் 90 சதவீதம், அதாவது 85,000க்கும் மேற்பட்டவை மூடியிருந்தன. அவற்றில் ஏறக்குறைய 13 சதவீதம் திரும்பத் திறக்காமலே போகலாம் என்றும் அப்போது அஞ்சினார்கள்.

ஆனால் மற்றவர்கள் ஒரு கட்டத்தில் வழி கண்டுபிடித்தார்கள். லூவர் 2020 ஜூலை 6ஆம் தேதியே ஒரு முறை திறந்தது. முன்பதிவு, முகக்கவசம், ஒருவழிப் பாதை எல்லாம் உண்டு. நெருக்கடியான சில பகுதிகளை மட்டும் திறக்காமல் விட்டார்கள். 2019இல் 96 லட்சம் பேர் வந்த இடத்துக்கு 2020 முழுவதும் வந்தது 27 லட்சம் பேர்தான். அலை கூடியபோது மறுபடி மூடினார்கள், தணிந்தபோது மறுபடி திறந்தார்கள். மூடுவதும் திறப்பதும் நிலவரத்தைப் பார்த்து எடுத்த முடிவாக இருந்தது. நம் கூடத்தில் மூடியது மட்டும்தான் முடிவு. அதன் பிறகு யாரும் முடிவே எடுக்கவில்லை, பூட்டு பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

மனதில் உறுத்துவதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதே காலத்தில் கீழ்த்தளத்துக் கூட்ட அறை வாடகைக்குப் போனது. ஜன்னல் இல்லாத அறை. அதில் 30, 40 பேர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள், முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு பேசினார்கள். மாடியில், இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்த, கூரை உயரமான, ஆட்கள் வாயைத் திறக்காமல் நடந்து பார்க்கிற கூடம் பூட்டிக் கிடந்தது. வருமானம் வேண்டும், புரிகிறது. மின்கட்டணமும் காவலாளி சம்பளமும் அந்த வாடகையில்தான் ஓடின. ஆனால் எது ஆபத்து, எது ஆபத்து குறைவு என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. கலை என்றால் இல்லாமலும் சமாளிக்கலாம் என்ற நினைப்பு மட்டும் இருந்தது.

யோசித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021 பிப்ரவரியில் ஒரு கணக்குப் போட்டார்கள். தொற்று உள்ள ஒருவர் ஓர் இடத்துக்குள் வந்தால், அங்கு வழக்கமாக இருக்கும் நேரத்தில் காற்று வழியாக எத்தனை பேருக்குப் பரவக்கூடும் என்பது கணக்கு. வழக்கமான ஆட்களில் 30 சதவீதம் பேரை மட்டும் முகக்கவசத்தோடு அனுமதிக்கும் அருங்காட்சியகத்துக்கு அவர்கள் சொன்ன எண் 0.5. முகக்கவசம் போட்டுக்கொண்டு சாமான் வாங்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கு அதைப் போலச் சுமார் இரண்டு மடங்கு வந்தது. ஆட்கள் நிறைந்த அலுவலக அறைக்கு அதையும் விட அதிகம். எல்லோரும் காற்றோட்டத்தைச் சரியாகக் கவனிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. அப்படியே நம் கூடத்துக்குப் பொருந்தும் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் எந்த வரிசையில் திறக்க வேண்டும் என்பதை அது காட்டுகிறது.

காரணமும் எளிதுதான். படத்தின் முன்னால் நிற்கிறவர் கத்துவதில்லை. சத்தமாகப் பேசும்போதும் பாடும்போதும் வாயிலிருந்து வெளியேறும் நுண்துளிகள், சும்மா மூச்சு விடும்போது வருவதைவிடப் பல மடங்கு அதிகம். கண்காட்சிக்கு வருகிறவர் தானாகவே அடுத்தவரிடமிருந்து விலகி நிற்கிறார், பக்கத்தில் ஆள் நின்றால் படம் மறைக்கும் என்பதால். ஒரே இடத்தில் உட்காருவதும் இல்லை. தனிமனித இடைவெளி என்று மாதக்கணக்கில் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்ததை ஓவியக் கண்காட்சிக்கு வருகிறவர்கள் எப்போதும் கடைப்பிடித்துத்தான் வந்திருக்கிறார்கள்.

நம் நிகழ்ச்சிகளில் உண்மையிலேயே ஆபத்தானது திறப்பு விழா. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, மைக்கைக் கைமாற்றிக் கைமாற்றிப் பேசுவது, 100 பேர் நெருக்கியடித்து ஒரே புகைப்படத்துக்கு நிற்பது, இவைதான் நோய் பரவ ஏற்ற சூழல். விழாவும் கண்காட்சியும் ஒன்று என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். விழா நடத்த முடியாது என்றானதும் கண்காட்சியும் முடியாது என்று விட்டுவிட்டோம். பெருந்தொற்றுக் காலத்தில் விழாவை மட்டும் எடுத்துவிடுங்கள். யாரும் திறந்து வைக்க வேண்டாம், காலையில் காவலாளி கதவைத் திறந்தால் போதும்.

அப்புறம் காற்று. இதைத்தான் நீங்கள் எல்லாவற்றுக்கும் மேலாகக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் ஆண்டு முழுக்க நாம் துடைத்துக்கொண்டே இருந்தோம். கதவுக் கைப்பிடி, மேசை, பேனா, படிக்கட்டுக் கம்பி எல்லாவற்றையும் துடைத்தோம். காற்றை யாரும் பார்க்கவில்லை. காற்று வழியாகப் பரவுவதைக் கணக்கில் எடுங்கள் என்று 239 அறிவியலாளர்கள் 2020 ஜூலையிலேயே வெளிப்படையாகக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். பொருள்களைத் தொடுவதால் பரவும் வாய்ப்பு ஒரு முறை தொட்டால் 10,000இல் 1க்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. நாம் அதற்குப் பிறகும் துடைத்துக்கொண்டிருந்தோம்.

துடைத்ததில் ஏற்பட்ட சேதம் எனக்குத் தெரியும். திறந்த முதல் வாரத்தில் ஒருவர் நல்லெண்ணத்தோடு சானிடைசர் ஸ்பிரேயை எடுத்துச் சட்டகங்கள் மேலெல்லாம் அடித்தார். கண்ணாடி போட்ட படங்கள் தப்பின. கண்ணாடி இல்லாத ஓர் அக்ரிலிக் கேன்வாஸில் ஓரத்தில் துளிகள் பட்டன. உடனே துணியை எடுத்து ஒற்றினார். துணியில் சிவப்பு வந்தது. ஆல்கஹால் அக்ரிலிக் வண்ணத்தை இளக்கிவிடும். பிளீச்சிங் கலந்த கரைசல் காகிதத்தையே வெளுக்கவைத்து, நாளடைவில் நொறுங்கவும் வைக்கும். கலைப்பொருளைக் கிருமி நீக்க வேண்டும் என்றால் அதை ஒன்றும் செய்யாமல் மூன்று நாட்கள் தனியறையில் வைத்தாலே போதும், கிருமி தானாகச் செத்துவிடும். பல நூலகங்களும் அருங்காட்சியகங்களும் அப்படித்தான் செய்தன. எழுதி வைக்கப்போகும் திட்டத்தில் முதல் வரியாக இதைச் சேருங்கள்: படங்களின் மேல் எதையும் தெளிக்கக் கூடாது.

அதே பயத்தில் இன்னொன்றும் செய்தோம். பார்வையற்றவர்கள் தொட்டுப் பார்ப்பதற்காக நுழைவாயிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்த சுடுமண் சிற்பங்களையும் புடைப்புப் படங்களையும் எடுத்துப் பரணில் போட்டோம். அவர்களுக்கு நம் கூடத்தில் இருந்தது அது ஒன்றுதான். கைகழுவும் இடம் ஒன்று பக்கத்தில் வைத்திருந்தால் முடிந்திருக்கும். இன்று வரை எல்லாம் திரும்பக் கீழே வரவில்லை.

காற்றுக்கு வருகிறேன். கண்ணுக்குத் தெரியாததை எப்படி அளப்பது என்று கேட்காதீர்கள், அளக்கலாம். கரியமில வாயுவைக் காட்டும் கையடக்கக் கருவிகள் கிடைக்கின்றன. வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு இருக்கும். நாம் விடும் மூச்சில் சுமார் 40,000 பங்கு. ஆகவே அறைக்குள் அந்த எண் ஏறினால், ஒருவர் விட்ட மூச்சை அடுத்தவர் இழுக்கிறார் என்று அர்த்தம். 800ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது என்று பல வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நான் ஒரு கருவி வாங்கி நம் கட்டடத்தில் வைத்துப் பார்த்தேன். கூட்டம் நடக்கும்போது கீழ்த்தள அறையில் 1,900ஐத் தொட்டது. மாடிக் கூடத்தில் ஜன்னல்களைத் திறந்து 12 பேர் நடமாடியபோது 560. இந்த இரண்டு எண்களையும் நீங்களே வந்து பார்க்கலாம், கருவி என்னிடம்தான் இருக்கிறது.

ஜன்னல் மட்டும் போதாத நாட்களும் இருக்கும். மழை அடிக்கும், தூசி வரும். ஈரக் காற்று அளவுக்கு மீறி உள்ளே வந்தால் காகிதப் படங்களுக்கும் ஆகாது. நம் கூடம் ஏறக்குறைய 100 சதுர மீட்டர், உயரம் 4 மீட்டர். அப்படியென்றால் 400 கன மீட்டர் காற்று. மணிக்கு 5 முறையாவது காற்று மாற வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பின்னாளில் சொன்ன அளவு. நமக்கு அது மணிக்கு 2,000 கன மீட்டர். எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கும்போது பெட்டியிலேயே அந்த எண்ணைப் போட்டிருப்பார்கள், பார்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். எதிர்ப்பக்க ஜன்னல் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதுவும் முடியாத அறைக்கு, 2020இல் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசந்தால் என்ற இருவர் சொன்ன எளிய வழி ஒன்று இருக்கிறது: நல்ல தரமான காற்று வடிகட்டி அட்டைகள் நான்கைச் சதுரப் பெட்டிபோல் நிறுத்தி, டேப்பால் ஒட்டி, மேலே ஒரு பெட்டி ஃபேனை வைப்பது. உலகெங்கும் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளே செய்திருக்கிறார்கள். சட்டகம் செய்யத் தெரிந்த நமக்கு அது ஒரு மதிய வேலை.

ஆட்கள் கணக்கும் சிரமமில்லை. 10 சதுர மீட்டருக்கு ஒருவர் என்றால் ஒரு நேரத்தில் 10 பேர். அரை மணிக்கு ஒரு குழு என்று 6 மணி நேரம் திறந்தால் ஒரு நாளைக்கு 120 பேர். சாதாரணக் காலத்தில் வார நாட்களில் நம் கூடத்துக்கு 120 பேர் வந்த நாட்கள் எத்தனை? பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். காற்று இரவெல்லாம் மாறியிருக்கும் காலை முதல் ஒரு மணி நேரத்தை முதியவர்களுக்கும் உடல்நலம் குன்றியவர்களுக்கும் என்று ஒதுக்கிவிடலாம்.

சரி, அலை உச்சத்தில் இருக்கிறது, உள்ளே ஒருவரைக்கூட விட முடியாது என்றால்? அப்போதும் கண்காட்சி நடத்த முடியும். அதை ஒரு முறை நாமே செய்தோம். யாரும் தீர்மானம் போட்டுச் செய்யவில்லை, அதனால் எங்கும் பதிவாகவும் இல்லை. 2021 ஜூலையில் இரண்டு தன்னார்வலர்கள் சாவியை வாங்கிக்கொண்டு போய், கீழ்த்தள முன்பக்கத்தில் தெருவைப் பார்த்த ஐந்து ஜன்னல்களிலும் உள்ளேயிருந்து வெளியே பார்க்கும்படி படங்களை நிறுத்தினார்கள். வெயிலில் நீர்வண்ணம் வெளுத்துவிடும் என்பதால் அசலை வைக்காமல் பிரதி எடுத்து வைத்தார்கள், அது சரியான யோசனை. நீர்வண்ணப் படத்துக்கு உள்ளரங்கிலேயே 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் கூடாது என்பார்கள், நேர் வெயில் அதைப் போல 1,000 மடங்குக்கும் மேலே போகும். மாலையில் உள்ளே ஒரு விளக்கைப் போட்டு வைத்தார்கள்.

ஒரு நாள் விடியற்காலை பிரதிகளை மாற்றுவதற்காகப் போயிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண். கழுத்தில் மருத்துவமனை அடையாள அட்டை. இரவுப் பணி முடித்து வருகிறார் என்று தெரிந்தது. மூக்கின் மேலும் கன்னத்திலும் முகக்கவசம் அழுத்திய சிவந்த கோடு அப்படியே இருந்தது. மூன்றாவது ஜன்னலில் ஒரு வயல்வெளிப் படம், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, பச்சையும் கொஞ்சம் மஞ்சளும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பையைத் தரையில் வைத்தார். நான் உள்ளே இருப்பதை அவர் கவனிக்கவில்லை, நானும் அசையவில்லை. ஐந்து நிமிடமாவது இருக்கும். பிறகு பையை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாளும் வந்தார் என்று காவலாளி சொன்னார். அந்தப் படத்தை மாற்றாமல் அந்த மாதம் முழுவதும் வைத்திருந்தோம்.

இதற்கு என்ன செலவு ஆயிற்று? பிரதிகளும் ஒரு விளக்கும். அதையும் அந்த இருவரே பார்த்துக்கொண்டார்கள். அடுத்த முறை இது யாரோ இருவரின் நல்ல மனதை நம்பி இருக்கக் கூடாது. “கூடம் மூடினால் மூன்று நாட்களுக்குள் ஜன்னல் கண்காட்சி தொடங்கும்” என்று எழுதி, யார் பொறுப்பு என்பதையும் எழுதிவிடுங்கள். சுற்றுச்சுவரின் வெளிப்பக்கம், மரத்தடி முற்றம், வராந்தா எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. காற்றுக்குக் கவலையே இல்லாத இடங்கள்.

இணையக் கண்காட்சியைப் பற்றிச் சில வரிகள். அது வீண் என்று சொல்லமாட்டேன். படுக்கையிலிருந்து எழ முடியாத ஒரு பெரியவர் 20 ஆண்டுகளுக்குப் பிறகு நம் கண்காட்சியைப் பார்த்ததாக எழுதியிருந்தார், அவருக்காகவே அது தொடர வேண்டும். கெட்டி அருங்காட்சியகம் 2020 மார்ச்சில் வீட்டிலிருக்கும் பொருள்களை வைத்துப் புகழ்பெற்ற ஓவியங்களைப் போலவே நின்று படமெடுத்து அனுப்புங்கள் என்று கேட்டபோது, போர்வையையும் பாத்திரத்தையும் வைத்து உலகமே விளையாடியது, நானும் சேர்ந்து ரசித்தேன். ஆனால் ஆறடிக் கேன்வாஸ் கைப்பேசித் திரையில் மூன்று அங்குலம் ஆகிவிடுகிறது. தூரிகை இழுத்த தடம் தெரிவதில்லை. நல்ல கைப்பேசியும் இணைப்பும் இல்லாத வீட்டுப் பிள்ளைகள், இலவசம் என்பதால்தான் நம் கூடத்துக்கு வந்த பிள்ளைகள், அதைப் பார்க்கவே இல்லை. இணையம் இருக்கட்டும். அதைக் காரணம் காட்டிக் கதவைப் பூட்டி வைக்காதீர்கள்.

இரண்டு சின்ன விஷயங்கள், ஆனால் எழுத்தில் இருக்க வேண்டியவை. வரவேற்பு மேசையில் உட்காருகிற தன்னார்வலர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். கூடத்தில் அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள்தான், அதனால் ஆபத்தும் அவர்களுக்கே அதிகம். நல்ல முகக்கவசம் கூடத்தின் செலவில் தர வேண்டும், மேசை ஜன்னலோரம் இருக்க வேண்டும், வர மாட்டேன் என்று சொல்கிறவரிடம் காரணம் கேட்கக் கூடாது. அடுத்தது, தனிக் கண்காட்சிக்கு முன்பணம் கட்டிய ஓவியர்கள். 2020இல் அவர்களுக்குப் பணம் திரும்பவில்லை, “தேதி மாற்றித் தருகிறோம்” என்ற கடிதம்தான் போனது. வேலையே இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தேதி எதற்கு? கூடம் மூடினால் 30 நாட்களுக்குள் முழுப்பணமும் திரும்பும் என்று ஒரு வரி போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொல்ல வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் கண்காட்சி எதற்கு, உயிர் முக்கியமா ஓவியம் முக்கியமா என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். அன்று எனக்குப் பதில் வரவில்லை. இன்று சொல்கிறேன்.

1918இல் பரவிய இன்ஃபுளுயன்ஸாவில் ஓவியர் எகோன் ஷீலா 28 வயதில் இறந்தார், கர்ப்பிணியாக இருந்த அவருடைய மனைவி இறந்து மூன்றே நாளில். அடுத்த ஆண்டு நார்வே ஓவியர் எட்வர்ட் மங்க் காய்ச்சலில் வெளிறிப்போய், கால்மேல் போர்வையோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தன்னைத்தானே வரைந்தார். நூறாண்டு கழித்து அந்தக் காய்ச்சல் ஒரு மனிதரை என்ன செய்தது என்று எனக்குக் காட்டியது அந்தப் படம்தான். லண்டனில் 2021 மார்ச் 29ஆம் தேதி, தேம்ஸ் நதிக்கரையில் நாடாளுமன்றத்துக்கு எதிரே உள்ள சுவரில், கொரோனாவில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஒன்றாகச் சிவப்பு இதயங்களை வரையத் தொடங்கினார்கள். அரை கிலோமீட்டர் நீளத்துக்கு இதயங்கள். குடும்பத்தார் வந்து அவற்றுக்குள் பெயர் எழுதினார்கள். மங்கிப் போகிறவற்றைத் தன்னார்வலர்கள் இன்றும் திரும்ப வரைகிறார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் வாஷிங்டன் பெருவெளியில் சுசான் பிரென்னன் ஃபர்ஸ்டன்பர்க் என்ற கலைஞர் கொரோனாவில் இறந்தவர்களுக்காக 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளைக் கொடிகளை நட்டார். அதே பெருவெளியில்தான் 1987 அக்டோபரில் எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களுக்காகத் தைத்த 1,920 துணிப் பட்டைகளை விரித்து வைத்தார்கள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு மனிதர் படுக்கிற அளவு. இத்தாலியில் டூரின் நகருக்குப் பக்கத்தில் ரிவோலி கோட்டையில் உள்ள கலை அருங்காட்சியகம் 2021இல் தன் கூடங்களையே தடுப்பூசி மையமாக்கியது. ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைச் சுற்றிச் சுவரோவியங்கள் இருந்தன.

அன்று நம் ஊரிலும் துக்கம் இருந்தது. கூட்டம் கூடி அழ முடியவில்லை, வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிக்க முடியவில்லை. இறந்தவரின் படத்தை வைத்து நான்கு பேர் சேர்ந்து நிற்க ஓர் இடம் இல்லை. நம்மிடம் வெள்ளைச் சுவர்கள் இருந்தன, விளக்குகள் இருந்தன, ஆணி அடிக்கத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். கதவைப் பூட்டி வைத்திருந்தோம். உயிரா ஓவியமா என்று கேட்டவருக்கு என் பதில் இதுதான். அன்று அந்தச் சுவர்கள் தேவைப்பட்டது உயிரோடு எஞ்சியிருந்தவர்களுக்கு.

அடுத்த மாதக் கூட்டத்தின் பொருள்நிரலில் இந்தத் திட்டத்தைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எழுதும் வேலையை நான் செய்கிறேன், காற்று அளக்கும் கருவியையும் கொண்டுவருகிறேன்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. அந்த 64 படங்களில் 41ஐக் குடும்பத்தார் வந்து வாங்கிப் போய்விட்டார்கள். மீதி 23 கிடங்கில் இருக்கின்றன. முகவரி மாறியவர்கள், கைப்பேசி எண் மாறியவர்கள். வரைந்த பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்து, அவற்றை ஒரு வாரமாவது மாடிக் கூடத்தில் மாட்ட அனுமதி தாருங்கள். விழா எதுவும் வேண்டாம். நீலக் குடைப் படம் மூன்றாவது இழுப்பறையில், மேலிருந்து ஐந்தாவது உறையில் இருக்கிறது. புள்ளிகளைத் துடைக்க முயன்றால் வண்ணமும் சேர்ந்து வந்துவிடும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன். லேபிளையும் மாற்றவில்லை.

இப்படிக்கு,
உங்கள் கூடத்தில் படம் மாட்டும் தன்னார்வலன்